விலாயதி மெஹந்தியும் சீமைக் கத்திரிக்காயும்

ஹைதராபாத்தில் குடியேறிய நம்ம மக்கள் வேலிக்குச் செடி தேடும்போது கட்டாயம் காதில் விழும் பெயர் "விலாயதி மெஹந்தி". இதில் ஒரு சிக்கல் இருக்கு. இந்தப் பெயரில் இரண்டு செடிகள் உண்டு. ஒன்று நம்ம ஊர் விராலி. இன்னொன்றுதான் அசல் வெளிநாட்டுக்காரர்: மிர்ட்டில். தாவரவியலில் மிர்ட்டஸ் கம்யூனிஸ். பழைய மருத்துவ நூல்களில் தமிழில் குழிநாவல் என்று போட்டிருப்பார்கள்.

முதலில் அடையாளம். ஒரு இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்க. ஊசியால் குத்தின மாதிரி பொடிப்பொடியாய்ப் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ப் பைகள், வாசனைக்குக் காரணமே அவைதான். இலைகள் பளபளவென்று, எதிரெதிர் ஜோடியாய் இருக்கும். பூ வெள்ளை, ஐந்து இதழ், நடுவில் குஞ்சம் மாதிரி நிறைய மகரந்தக் காம்புகள். பழம் கருநீலம், நுனியில் கொய்யாவுக்கு இருப்பது போல ஒரு குட்டிக் கிரீடம். ஆமாம், கொய்யா, நாவல், கிராம்பு, யூகலிப்டஸ் எல்லாம் இதன் பங்காளிகள்!

விராலியில் இலை மாறி மாறி வரும், பிசுபிசுக்கும், காய்க்குக் காகிதம் போல இறக்கை இருக்கும். மருதாணியில் இலை ஜோடியாய்த்தான் இருக்கும், ஆனால் புள்ளி கிடையாது, பூவுக்கு நான்கே இதழ். காமினி என்று விற்கும் காட்டுக் கறிவேப்பிலையில் புள்ளி உண்டு, ஆனால் ஒரே காம்பில் பல சிற்றிலைகள், பழம் சிவப்பு. அவ்வளவுதான், இனி யாரும் ஏமாற்ற முடியாது :-)

சரி, வரலாற்றுக்கு வருவோம். மிர்ட்டிலின் சொந்த ஊர் மத்தியதரைக் கடல் பக்கம், அங்கிருந்து ஈரான் வரை. ஸ்பெயினில் அல்ஹம்ப்ரா அரண்மனையில் இதன் பெயரிலேயே ஒரு முற்றம் இருக்கிறது. யூதர்கள் கூடாரப் பண்டிகையில் கையில் பிடிக்கும் நான்கில் இதுவும் ஒன்று. அரபியில் இதற்கு "ஆஸ்". பழம் "ஹப்புல் ஆஸ்". கிரேக்கத்திலிருந்து அரபுக்கும் பாரசீகத்துக்கும் போன யூனானி வைத்தியத்தில், வயிற்றுப்போக்குக்குத் தரும் துவர்ப்பு மருந்து இது. இன்றும் இந்தப் பழத்தில் செய்த ஷர்பத் யூனானி மருந்துப் பட்டியலில் உண்டு. (படித்துவிட்டு நீங்களே வைத்தியம் பண்ணிக்காதீங்க!)

அந்த வைத்தியத்துக்கு ஹைதராபாத் ஒரு பெரிய வீடு. கோல்கொண்டாவில் குதுப் ஷாஹி வம்சத்தைத் தொடங்கிய சுல்தான் குலி, ஈரானின் ஹமதான் பக்கத்திலிருந்து வந்தவர். சார்மினார் கட்டி நான்கே வருஷத்தில், 1595-ல், முகம்மது குலி குதுப் ஷா தாருஷ்ஷிஃபா என்ற மருத்துவமனையைக் கட்டினார். கடைசி நிஜாம் காலத்தில் கட்டிய யூனானி மருத்துவமனை சார்மினார் பக்கத்தில் இன்றும் நடக்கிறது.

இப்போ அந்த "விலாயதி"யைப் பாருங்க. முகலாயர் காலத்தில் விலாயத் என்றால் ஈரான், மத்திய ஆசியா பக்கம். பிறகு வெள்ளைக்காரன் வந்ததும் அதே சொல் இங்கிலாந்தைக் குறித்தது. ஆங்கிலச் சிப்பாய்கள் தங்கள் ஊரை "பிளைட்டி" என்று கொஞ்சினதும் இதிலிருந்துதான். நம்ம பக்கத்தில் இதே வேலையைச் செய்யும் சொல் "சீமை": சீமைக் கத்திரிக்காய், சீமைக் கருவேலம்.

ஆனால் கொய்யாவுக்கு ஏன் சீமைப் பட்டம் இல்லை? அதுவும் அமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் காலத்தில் வந்ததுதான். சீதாப்பழமும் அப்படியே. ஹைதராபாத்தில் அதற்குப் புராணப் பெயரே கிடைத்துவிட்டது! என் கணக்கு இதுதான்: வாய்க்குள் போனது சொந்தமாகிவிட்டது, வேலியிலும் ஹக்கீம் புட்டியிலும் நின்றது விலாயதியாகவே நின்றுவிட்டது.

இது செடிக்கு மட்டும் இல்லை. 1806-ல் செகந்திராபாத் என்று பெயர் வைத்த கன்டோன்மென்டில், மெட்ராஸ் ராணுவத்தோடு வந்த தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். தெலுங்கில் அவர்கள் இன்னும் "அரவவாள்ளு"தான். என் பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள், தெலுங்கில்தான் சண்டை போடுகிறார்கள். அவர்களிடமும் "மீதி ஏ ஊரு?" என்று கேட்கத்தான் செய்கிறார்கள். கேட்பவர்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள். பதில் சொல்லும்போதுதான் பசங்க என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

வளர்க்க ஆசையா? நல்ல வெயில் வேண்டும். இங்குள்ள செம்மண்ணோடு மணல் கலந்தால் போதும், கரிசல் மண்ணாக இருந்தால் மணலைக் கூட்டுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். முற்றாத தண்டை மழைக்காலத்தில் நட்டால் வேர் பிடிக்கும். மெதுவாகத்தான் வளரும், பொறுமை வேண்டும். வெட்ட வெட்ட அடர்த்தியாகும்.

உங்க ஊரில் இன்னும் "சீமை" பட்டத்தோடு திரியும் செடி எது? பின்னூட்டத்தில் சொல்லுங்க.