பாடக்குறிப்பு: ஒரு வரலாற்று நோக்கு

உழவன் நிலத்தின் இயல்பறிந்தே விதையைத் தேர்கின்றான். அறுவடை முடிந்த பின்னர், விளைச்சல் எவ்விடத்தில் குன்றியது, ஏன் குன்றியது என்று எண்ணிப் பார்க்கின்றான். ஆசிரியத் தொழிலும் இத்தன்மையதே. வகுப்பிற்குள் நுழையுமுன் திட்டமிடுதலும், வெளியே வந்தபின் எண்ணிப் பார்த்தலும் அத்தொழிலின் இரு கண்கள். முன்னது நாள் பாடத்திட்டம் என்றும், பின்னது சிந்தனை மீட்சி என்றும் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் இன்று வழங்குகின்றன. இவை அலுவலகம் விதித்த கடமைகள் என்றே பலரும் கருதுவர். இவற்றின் வரலாறோ வேறொன்றைக் கூறுகின்றது.

நன்னூலார் கண்ட நெறி

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். எழுத்தையும் சொல்லையும் ஆராயப் புகுமுன், ஆசிரியன் யார், மாணவன் யார், பாடம் சொல்லும் முறை யாது என்பவற்றைப் பொதுப்பாயிரத்தில் அவர் வகுத்துரைத்தார். பாடம் சொல்பவன் காலத்தையும் இடத்தையும் கருத வேண்டும். உரைக்கப்போகும் பொருளை முன்னதாகவே தன் உள்ளத்தில் ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும். பதற்றமும் சினமுமின்றி, மாணவனின் கொள்ளும் திறனறிந்து கற்பிக்க வேண்டும் என்பது அவர் கருத்தாகும். ஏட்டில் எழுதப்படாவிடினும் இஃது ஒரு பாடத்திட்டமே.

அவர் கூறிய மற்றொரு கணக்கு இன்னும் ஆழமானது. ஆசிரியரிடம் நன்கு கேட்டாலும் புலமையில் காற்பங்கே கிட்டும். உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் நிறைவுறும் என்றார். கற்பித்தல் என்பது கற்பிப்பவனின் கல்வியையும் முழுமையாக்கும் செயல் என்னும் உண்மை இதனாற் பெறப்படும். தான் கற்பித்ததை எண்ணிப் பாராத ஆசிரியன் அந்த அரைப்பங்கை இழந்தவனாகின்றான்.

மேலைநாட்டுப் படிமுறைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கல்வி பரவலாயிற்று. ஆசிரியர் பலரைக் குறுகிய காலத்தில் பயிற்றுவிக்க வேண்டிய தேவையும் எழுந்தது. செர்மானிய அறிஞர் எர்பார்ட் 1806 இல் வெளியிட்ட கல்வியியல் நூல், புதிய கருத்தை மாணவனின் பழைய அறிவோடு இணைத்தே கற்பிக்க வேண்டும் என்னும் கொள்கைக்கு அடித்தளமிட்டது. அவர்வழி வந்த சில்லர், ரைன் ஆகியோர் அக்கொள்கையை ஐந்து படிகளாக்கினர். ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடுதல், பொதுமையாக்கல், பயன்படுத்தல் என்பன அவை. இன்றைய பாடக்குறிப்பில் முதலிடம் பெறும் பீடிகை, அன்றைய ஆயத்தத்தின் வழித்தோன்றலேயாகும்.

அதே நூற்றாண்டில் பிறிதொரு போக்கும் தோன்றியது. இங்கிலாந்தில் 1862 இல் வந்த விதித்தொகுப்பு, வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் மாணவர் பெறும் தேர்ச்சிக்கேற்பப் பள்ளிக்கு மானியம் என்று வரையறுத்தது. மேற்பார்வையாளர் வரும் நாளே பள்ளியின் திருநாளாயிற்று. பொருள் விளங்காவிடினும் பாடநூலை மனப்பாடம் செய்விப்பதில் ஆசிரியர்கள் முனைந்தனர். பிள்ளைக்காக அமைய வேண்டிய திட்டம் பார்வையிடுபவருக்காக அமைந்தால் விளைவது யாது என்பதற்கு இவ்வரலாறு ஓர் எச்சரிக்கை.

அமெரிக்க அறிஞர் சான் டூயி 1910 இல் சிந்தித்தலைப் பற்றி எழுதிய நூலில், இப்படிமுறைகள் ஆசிரியரின் முன்னேற்பாட்டிற்கு உதவுமேயன்றி வகுப்பைக் கட்டிப்போடும் விலங்காகக் கூடாது என்னும் கருத்தை முன்வைத்தார். நன்கு ஆயத்தம் செய்த ஆசிரியரே மாணவன் எழுப்பும் எதிர்பாராத வினாவிற்கேற்பத் தம் வழியை மாற்றிக்கொள்ள வல்லவர் என்பது அதன் சாரம். பின்னர் 1983 இல் டொனால்டு சோன், செயலின்போதே எழும் சிந்தனை, செயலுக்குப்பின் எழும் சிந்தனை என இரண்டைப் பிரித்துக் காட்டினார். ஆசிரியப் பயிற்சியில் சிந்தனை மீட்சி வேரூன்ற அவருடைய நூல் பெரிதும் துணைபுரிந்தது.

தோட்டப்பள்ளியின் தேவை

மலாயாவில் தமிழ்க்கல்வி 1816 இல் பினாங்கு இலவசப் பள்ளியின் தமிழ் வகுப்போடு தொடங்கியதாகக் கொள்வர். இரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலத்தில், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளியமைக்க வேண்டும் என 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு விதித்தது. சட்டம் பள்ளியைத் தந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியரைத் தரவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ பாடம் சொல்லிய தோட்டங்கள் பல.

ஓர் அறை, ஓர் ஆசிரியர், பல வகுப்புகள் என்பதே அன்றைய நிலை. முதலாம் வகுப்புக்கு அகரம் சொல்லித்தரும் வேளையில் நான்காம் வகுப்பு கணக்குப் போட்டாக வேண்டும். மூன்றாம் வகுப்பு பார்த்தெழுதியாக வேண்டும். எவ்வகுப்பிற்கு வாய்மொழிப் பாடம், எவ்வகுப்பிற்கு எழுத்துப்பணி என முன்னரே முடிவு செய்யாத ஆசிரியரால் அவ்வறையில் அரைமணி நேரமும் நிற்க இயலாது. எந்தச் சுற்றறிக்கையும் கட்டளையிடுமுன்பே தேவை அவர்களைத் திட்டமிட வைத்தது. விடியலில் பால்மரக் காட்டிற்குச் சென்ற பெற்றோர், தம் பிள்ளையின் எதிர்காலத்தை அந்த ஓர் ஆசிரியரின் ஒழுங்கிடமே ஒப்படைத்திருந்தனர்.

பதிவேடும் மாறிவரும் கலைத்திட்டமும்

விடுதலைக்கு முன் வந்த 1956 இன் ரசாக் அறிக்கையும், விடுதலைக்குப்பின் வந்த 1961 இன் கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளிகளைத் தேசியக் கல்வி அமைப்பிற்குள் கொணர்ந்தன. பொதுவான கலைத்திட்டம் வந்தது. தொடக்கப்பள்ளிகளுக்கான புதிய கலைத்திட்டம் 1982 இல் 302 பள்ளிகளில் வெள்ளோட்டம் கண்டு, 1983 இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. வகுப்பு முழுமைக்கும் ஒரே பாடம் என்பதைவிட்டு, பின்தங்கியோர்க்குக் குறைநீக்கல், முந்துவோர்க்கு வளப்படுத்துதல் எனப் பிரித்துத் திட்டமிடும் வழக்கை அது வலுப்படுத்தியது. பாடப்பதிவு பற்றிக் கல்வியமைச்சு 1999 இல் தனிச் சுற்றறிக்கை விடுத்தது. 2011 முதல் தர அடிப்படையிலான கலைத்திட்டம் அறிமுகமாகி, உள்ளடக்கத் தரம், கற்றல் தரம் என்னும் சொற்கள் குறிப்பேட்டில் இடம்பெற்றன. கையெழுத்தேடு கணினித் திரையாகவும் மாறியது.

வடிவம் வளர்ந்தது, உயிர் வளர்ந்ததா என்பதே வினா. முப்பது மாணவருள் இருபத்தைவர் நோக்கத்தை அடைந்தனர், எஞ்சிய ஐவர்க்குக் குறைநீக்கல் நடவடிக்கை வழங்கப்பட்டது என்னும் தொடர், எண் மட்டும் மாறி, நாள்தோறும் எழுதப்படுவதுண்டு. அத்தொடரில் அந்த ஐவர் யார் என்பது இல்லை. எங்கே இடறினர் என்பதும் இல்லை. மாறாக, லகர ளகர ழகரங்களைக் காதால் கேட்டபோது பிரித்தறிந்த ஐவர், எழுதும்போது மயங்கினர். நாளைச் சொல்வதெழுதலுக்கு முன் அவர்களே ஒலித்து எழுத வேண்டும் என்று ஓர் ஆசிரியர் குறிப்பாராயின், அவ்வொரு வரியிலேயே நாளைய பாடம் பிறந்துவிடுகின்றது.

இக்குறையை ஆசிரியர்மேல் மட்டும் சுமத்துதல் முறையன்று. வகுப்பிற்கு வெளியே குவியும் பணிகளும், நிரப்ப வேண்டிய படிவங்களும் எண்ணுவதற்குரிய நேரத்தை விழுங்குகின்றன. குறிப்பேட்டைப் பார்வையிடுவோர் கட்டங்கள் நிரம்பினவா என்று மட்டும் நோக்கின், ஆசிரியரும் கட்டங்களையே நிரப்புவர். 1862 இன் பாடம் இதுவே. சப்பானில் ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவர். ஒருவர் கற்பிக்க மற்றவர் மாணவரை உற்றுநோக்குவர். பின் அனைவரும் அமர்ந்து ஆராய்வர். நெடுங்காலமாக வழங்கிவரும் அம்முறை, சிந்தனை மீட்சி தனியொருவரின் சுமையாக இருக்க வேண்டியதில்லை என்பதைக் காட்டுகின்றது. உடன் பயில்வாரால் காற்பங்கு என்று நன்னூலார் சொன்னதும் இதனோடு ஒத்து நிற்கின்றது.

முடிவுரை

நன்னூலார் காலத்தில் பாடக்குறிப்பு ஆசிரியரின் உள்ளத்தில் இருந்தது. பின்னர் ஏட்டிற்கு வந்தது. இன்று திரையில் ஒளிர்கின்றது. இருக்கும் இடம் எதுவாயினும், அது யாருக்காக எழுதப்படுகின்றது என்பதே அதன் பெருமையையும் சிறுமையையும் வரையறுக்கின்றது. பின்வரிசையில் வாய்திறவாது அமர்ந்திருக்கும் பிள்ளையின் பெயர் ஆசிரியரின் குறிப்பில் ஒருநாளேனும் இடம்பெறுமாயின், அப்பிள்ளைக்கும் மறுநாள் ஒரு பாடம் உண்டு. ஆசிரியப் பயிற்சி பெறும் இளைஞர்கள் இவ்வரலாற்றிலிருந்து முதற்கண் பெறத்தக்க அறிவு இதுவேயாகும்.