எல்லையோர ஊர்கள் – 17: நட்சத்திரம் பார்த்துத் திசை சொன்னவர்

பாகலூர்ப் பாளையத்தின் கதையைச் சென்ற வாரம் 1792-ல் நிறுத்தியிருந்தோம். ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. ஓசூர், பாகலூர், தேன்கனிக்கோட்டையை உள்ளடக்கிய மேட்டுநிலம் மட்டும் இன்னும் ஏழு ஆண்டுகள் திப்புவிடமே இருந்தது. 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் பெரும்படை இராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாக ஏறி மைசூருக்குள் புகுந்தது. அந்தப் படையில் நாற்பது வயதைத் தாண்டியும் லெப்டினன்டாகவே இருந்த ஒருவர் வந்தார். பெயர் வில்லியம் லாம்ப்டன். இந்த வாரம் முழுவதும் அவருக்குத்தான்.

யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்க விடுதலைப் போரில் யார்க்டவுனில் சிறைப்பட்டார். பிறகு கனடாவின் நியூ பிரன்ஸ்விக் காட்டுப் பகுதியில் ஏறத்தாழ 13 ஆண்டுகள் நிலம் அளந்துகொண்டும் கணக்குப் புத்தகங்களைப் படித்துக்கொண்டும் தனியே கழித்தார். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சூரிய கிரகணத்தைக் கவனித்ததில் ஒரு கண்ணின் பார்வை போயிற்று. விருந்துப் பேச்சு அவருக்கு வராது. கூட்டத்தில் ஒட்டமாட்டார். வானமும் கணக்கும் என்றால் இரவெல்லாம் விழித்திருப்பார்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே ஓர் இரவு, ஜெனரல் பெயர்டின் படைப்பிரிவு முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. நாம் வடக்கே போகவில்லை, தெற்கே திப்புவின் படையை நோக்கிப் போகிறோம் என்றார் லாம்ப்டன். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, நட்சத்திரங்கள் சொல்கின்றன என்றார். தளபதி முதலில் நம்பவில்லை. விளக்கேற்றித் திசைகாட்டியைப் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டார். அந்த இரவு அத்தனை பேரும் பிழைத்தது அவர் கண்ணால்தான். அதுவும் ஒற்றைக் கண்ணால்.

போர் முடிந்ததும் தென்னிந்தியாவை முக்கோணங்களால் அளக்கும் திட்டத்தை எழுதிக் கொடுத்தார். அதை மேலிடத்துக்குக் கொண்டுசென்று ஆதரித்தவர் அவருடைய படைப்பிரிவின் கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி, பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அடிவாரத்தில் முதல் அடிக்கோட்டை, அதாவது முக்கோணங்களுக்கு ஆதாரமான நேர்கோட்டை, அளக்கத் தொடங்கினார். சீனப் பேரரசருக்காகக் கொண்டுபோய் அங்கே வேண்டாமென்று விடப்பட்ட 100 அடி எஃகுச் சங்கிலி எப்படியோ இவர் கைக்கு வந்திருந்தது. சித்திரை வெயிலில் எஃகு நீளும் என்பதால் அதற்குப் பந்தல் போட்டு, பக்கத்தில் வெப்பமானி வைத்து, ஏறத்தாழ 400 முறை நகர்த்தினார்கள். அளந்தது வெறும் ஏழரை மைல். அங்கிருந்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாகக் கணக்கு மேற்கே நகர்ந்து மைசூர் மேட்டுநிலத்துக்கு ஏறியது. 1804-ல் பெங்களூர் அருகே இன்னொரு அடிக்கோட்டைத் தரையிலேயே அளந்து, சென்னையிலிருந்து வந்த கணக்கோடு ஒப்பிட்டார்கள். ஏழு மைல் கோட்டில் வித்தியாசம் 3.7 அங்குலம். இன்று ஓசூரில் உதிரிபாகம் கடையும் டர்னருக்குத் தெரியும், துல்லியம் என்றால் என்னவென்று. அவர் இந்த எண்ணைப் பார்த்தால் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்.

1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கோணம் அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. வேறொருவராக இருந்தால் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பார். லாம்ப்டன் கருவியோடு உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டார். உதவிக்கு வேலையாட்கள் தவிர யாரையும் விடவில்லை. வளைந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பழைய வடிவுக்குக் கொண்டுவர ஆறு வாரம் ஆயிற்று. 1818-ல் உதவியாளராகச் சேர்ந்த ஜார்ஜ் எவரெஸ்ட், தளர்ந்து தெரிந்த இந்த முதியவர் பெரிய தியோடலைட்டைச் சரிசெய்ய எழுந்ததும் வேறு மனிதராகிவிட்டதை வியந்து எழுதியிருக்கிறார்.

இதையெல்லாம் படிக்கும் இன்றைய வாசகர் மனத்தில் ஒரு சொல் எழும்: ஆட்டிசம். என் மனத்திலும் எழுந்தது. ஆனால் இறந்தவரை மருத்துவரிடம் கூட்டிப்போக முடியாது. தனிமையும் விடாப்பிடியும் மட்டுமே ஆட்டிசம் ஆகிவிடாது. அந்தப் பெயரை அவர்மேல் எழுத எனக்கு உரிமையில்லை. அவர் காலத்தில் அப்படி ஒரு பெயரே கிடையாது. மனநல மருத்துவர் க்ரூன்யா சுகரேவா அத்தகைய குழந்தைகளை விவரித்தது 1925-ல், இன்னொரு மனநல மருத்துவரான லியோ கேனரின் கட்டுரை வந்தது 1943-ல். நம் நாட்டில் 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில்தான் ஆட்டிசம் இடம்பெற்றது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. அதற்கு முன் பட்டாளத்திலும் வயலிலும் பட்டறையிலும் எத்தனை பேர் ‘ஒரு மாதிரி’ என்ற பெயரோடு வாழ்ந்து மறைந்தார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை.

லாம்ப்டன் விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஒரு கண்ணில் பார்வை இல்லாதவரை, கூட்டத்தில் பேசத் தெரியாதவரை, மேலதிகாரிகள் அவருக்குத் தெரிந்த வேலையில் விட்டுவைத்தார்கள். கூடவே ஆளும் பணமும் கொடுத்தார்கள். இருபது ஆண்டுக்கு மேல் அளந்துகொண்டே வடக்கே நகர்ந்தவர், 1823 ஜனவரி 20 அன்று இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில், வேலையின் நடுவிலேயே இறந்தார்.

பாகலூரிலும் பேரிகையிலும் ரோஜாத் தோட்ட வேலைக்கும் கம்பெனி ஷிஃப்டுக்கும் ஓடும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, ஒரே பொருளைப் பல மணி நேரம் சுழற்றிக்கொண்டிருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவில் காட்டுங்கள். ஆட்டிசம் என்று உறுதியானால், கிருஷ்ணகிரி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.