எலும்பு புளோரோசிஸ் (தருமபுரி மாவட்டம்)

குடிநீரிலுள்ள மிகைப் புளோரைடு பல்லாண்டுகளாக உடலில் சேர்வதால் எலும்பும் அதை ஒட்டிய திசுக்களும் அளவு மீறி வளரும் நோய். தமிழ்நாட்டில் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் இதற்குப் பெயர்போன பகுதிகள். பாறைக் கனிமங்களிலிருந்து கரையும் புளோரைடு நிலத்தடி நீரில் கலக்கிறது. சிறுவர்களின் பற்களில் தோன்றும், தேய்த்தாலும் போகாத பழுப்புக் கறையே முதல் அடையாளம்.

தென்னிந்தியாவில் இந்நோய் விரிவாகப் பதிவானது 1937இல். சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்து நோயாளிகளை ஷார்ட், மெக்ராபர்ட், பர்னார்ட், மன்னாடி நாயர் ஆகியோர் ஆராய்ந்தனர். கைகால்களில் கூச்சம், பிறகு இடுப்பில் வலியும் விறைப்பும், கடைசியில் குனியவோ திரும்பவோ விடாமல் ஒரே தண்டாக இறுகிப்போகும் முதுகு என நோயின் படிகளை அவர்கள் வரிசைப்படுத்தினர். எக்ஸ்ரே படத்தில் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துத் தெரியும். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கும் நடுவிலுள்ள மெல்லிய சவ்வின் ஓரத்தில்கூட எலும்பு முளைத்திருக்கும். மருத்துவர் தவறவிடக் கூடாத நுட்பமான தடயம் இது. ஏனெனில், புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவினாலும் படம் இதேபோல் வெளுக்கும். சவ்வும் தசைநார்களும் எலும்பாவது புளோரோசிஸைச் சுட்டும்.

புளோரைடு, எலும்பை உருவாக்கும் செல்களைத் தூண்டுகிறது. ஆயினும் இவ்வளர்ச்சி புற்றுநோய் அன்று. கட்டுப்பாடிழந்து பெருகி வேறு உறுப்புகளுக்குப் பரவும் தன்மை இதற்கு இல்லை. புளோரைடால் எலும்புப் புற்றுநோய் வருமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1990இல் வெளிவந்த அமெரிக்க அரசின் எலி ஆய்வு, ஆண் எலிகளில் ஐயத்துக்கிடமான சான்றையே கண்டது. 2006இல் ஹார்வர்டு ஆய்வொன்று சிறுவர்களிடம் தொடர்பு இருக்கலாம் என்றது. 2011இல் எலும்பிலுள்ள புளோரைடையே அளந்த ஆய்வு அதை உறுதிசெய்யவில்லை.

தருமபுரியில் கிணறுகள் வற்றி ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபின் பாதிப்பு கூடியது என்பர்.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாதபோது 1.5 வரை செல்லலாம். இப்பகுதிகளுக்குக் காவிரி நீரைத் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு, ஜப்பானியக் கடனுதவியுடன், 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது; 2013இல் அது தொடங்கிவைக்கப்பட்டது. நல்ல நீர் வந்தாலும், முற்றிய நோயில் இறுகிய முதுகு இளகுவதில்லை.