அரிச்சந்திரன் பம்பாய்க்கு வந்த வழி

பார்சி நாடகம் தமிழ் மேடைக்கு என்னென்ன கொடுத்தது என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். வர்ணம் தீட்டிய திரைச்சீலைகள், ஆர்மோனியம், 'பார்சி மெட்டு' என்று எல்லாமே பம்பாயிலிருந்து வந்தவை. மறுக்கவில்லை. ஆனால் பம்பாய் நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டதும் ஒன்று உண்டு. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் விக்டோரியா மகாராணி காலத்துப் பத்திரிகைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் 1855இல் பத்திரிகை முத்திரை வரியும், 1861இல் காகித வரியும் நீங்கின. பத்திரிகை மலிவானது, ஊருக்கு ஊர் முளைத்தது. அரசியல் செய்திக்குப் பக்கத்திலேயே உள்ளூர்க் கவிஞரின் பாட்டு, நாடக விமரிசனம், சர்க்கஸ் விளம்பரம் எல்லாம் இடம் பிடித்தன. அந்தக் காற்று இங்கேயும் வீசியது. பம்பாயில் குஜராத்தி 'மும்பை சமாசார்' 1822இலேயே தொடங்கிவிட்டது, இன்றும் வருகிறது. 1838 நவம்பரில் தொடங்கிய 'பாம்பே டைம்ஸ்' 1861இல் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' ஆயிற்று. 1851இல் தாதாபாய் நவ்ரோஜி 'ராஸ்த் கோஃப்தார்' பத்திரிகையை ஆரம்பித்தார். 'உண்மை பேசுபவன்' என்று அதற்குப் பொருள். அரிச்சந்திரன் கதை சொல்ல வந்த இடத்தில் இப்படி ஒரு பெயர் வந்து அமைந்ததை என்னவென்று சொல்வது!

பம்பாயில் நாடகத்தின் வளர்ச்சியை இந்தப் பத்திரிகைகளைக் கொண்டுதான் நாம் இன்று அறிகிறோம். கிராண்ட் ரோடில் ஜகன்னாத் சங்கர்சேட்டின் ஆதரவில் 1846இல் ஒரு நாடகக் கொட்டகை எழுந்தது. சாங்கிலியிலிருந்து விஷ்ணுதாஸ் பாவே தம் மராத்திக் குழுவோடு 1853இல் வந்து ஆடினார். அதே ஆண்டில் பார்சிக்காரர்களும் மேடையேறினார்கள். மேடை நாடகம் அந்தந்த இரவோடு போய்விடுவது. நாடகத்தின் பெயர், ஆடிய இடம், பார்த்தவர் பாராட்டியதா திட்டியதா என்பதெல்லாம் விளம்பரப் பத்தியிலும் ஆசிரியருக்கு வந்த கடிதங்களிலும்தான் தங்கி நின்றன. பெண்கள் மேடையேறலாமா கூடாதா என்பது பற்றி நடந்த சண்டையையும் அங்கேதான் படிக்க வேண்டும்.

அந்தச் சண்டையில் கூடாது என்ற பக்கம் நின்றவர் கைகுஸ்ரோ காப்ராஜி. 'ராஸ்த் கோஃப்தார்' பத்திரிகையின் ஆசிரியர். 1868இல் 'விக்டோரியா நாடக மண்டலி' தோன்றியதும் இவர் முயற்சியால்தான். பத்திரிகை ஆசிரியரே நாடகக் கம்பெனியும் நடத்தினால் விமரிசனம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்!

இனி நம்ம கதைக்கு வருவோம். நல்லூர் வீரகவிராயர் பாடிய அரிச்சந்திர புராணம் தமிழில் பழையது. அதைவிடப் பரவலாக மக்களைத் தொட்டது கூத்து. வட தமிழ்நாட்டுக் கிராமங்களில் சாவு வீட்டுக் கருமாதி இரவில் மயான காண்டம் ஆடுவார்கள். பெற்ற பிள்ளையின் பிணத்தோடு சந்திரமதி சுடுகாட்டில் நிற்க, வெட்டியானாக நிற்கும் அரிச்சந்திரன் கூலி கேட்கும் அந்தக் காட்சியில் கல்லும் கரையும். கூத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் இலங்கைத் தமிழரான முத்துக்குமாரசுவாமி. கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் தந்தை. பின்னர் 'சர்' பட்டம் பெற்றவர். இலண்டனில் பாரிஸ்டர் ஆன 1863ஆம் ஆண்டிலேயே மொழிபெயர்ப்பையும் அங்கே அச்சிட்டார். வெள்ளைக்காரச் சீமான்கள் படித்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுவார்கள் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் புத்தகம் குஜராத்தி நாடகாசிரியர் ரண்சோட்பாய் உதயராமின் கைக்கு வந்தது. அதை வைத்து அவர் எழுதிய 'ஹரிச்சந்திர நாடகம்' 1871இல் வெளிவந்தது. சமஸ்கிருதத்திலேயே க்ஷேமீசுவரர் எழுதிய 'சண்டகௌசிகம்' இருக்கையில், குஜராத்திக்காரர் ஒருவர் தமிழ்க் கதையின் ஆங்கில உருவைத் தேடி எடுத்தது சும்மா விட்டுவிடக்கூடிய செய்தியா?

காப்ராஜி 1876இல் 'நாடக உத்தேஜக மண்டலி' என்று இன்னொரு கம்பெனி அமைத்தபோது இந்த ஹரிச்சந்திரனை மேடைக்கு ஏற்றபடி திருத்திப் போட்டார். கூட்டம் அலைமோதியது. அதுவரை பாரசீக வீரர் கதைகளிலும் கேலிக் கூத்துகளிலும் ஊறியிருந்த பார்சி மேடைக்கு, குடும்பத்தோடு வரும் இந்து ரசிகர்களை இழுத்து வந்த நாடகங்களில் இதற்குத் தனி இடம் உண்டு. விக்டோரியா கம்பெனிக்காக விநாயக பிரசாத் தாலிப் உருதுவிலும் எழுதினார். பெட்டி படுக்கையோடு ஊர் ஊராகப் போன கம்பெனிகள் அரிச்சந்திரனையும் கூடவே கொண்டுபோயின.

இராஜ்கோட்டில் சிறுவனாக இருந்தபோது ஒரு நாடகக் கம்பெனி போட்ட ஹரிச்சந்திர நாடகம் தம் மனத்தை விட்டு அகலவே இல்லை என்று காந்தியடிகள் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். எந்தக் கம்பெனி என்று அவர் சொல்லவில்லை. ஆகவே நம் கூத்திலிருந்து புறப்பட்ட கதையைத்தான் அவர் பார்த்தார் என்று மார்தட்டுவது நியாயமில்லை. அவர் வளர்ந்த காலத்தில் குஜராத்தி மேடையில் புகழோடு உலவிய ஹரிச்சந்திரன் தமிழ்வழி வந்தவன் என்ற அளவில் சொல்லலாம். இந்தச் செய்தியை நம் பாடப் புத்தகங்கள் ஏன் சொல்வதில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. 1960களின் கடைசியில் இதே ஊரில் 'மதராஸி' என்று நம்மவர்கள் விரட்டப்பட்ட நாட்களை நினைத்தால் அந்த வருத்தம் இன்னும் கூடுகிறது.

1896 ஜூலை 7ஆம் தேதி வாட்சன் ஹோட்டலில் லூமியேர் சகோதரர்களின் சலனப் படங்கள் காட்டப்பட்டன. அந்தச் சேதியையும் ஊருக்குச் சொன்னது பத்திரிகை விளம்பரம்தான். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1913 மே 3 அன்று கிர்காவ் கரோனேஷன் தியேட்டரில் தாதாசாகேப் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' திரையிடப்பட்டது. பால்கே தமிழ் நாடகத்தைப் பார்த்துப் படமெடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. மராத்தியில் அந்தக் கதைக்குத் தனி வழக்கு உண்டு. ஆனால் பார்சிக் கம்பெனிகள் நாற்பது ஆண்டுகளாகப் பழக்கி வைத்திருந்த ரசிகர்கள் அவருக்குக் காத்திருந்தார்கள். நாயகி வேஷத்துக்கு அவருக்கும் பெண் கிடைக்கவில்லை. காப்ராஜியின் கட்சி இன்னும் தோற்றிருக்கவில்லை போலும்! கடைசியில் கிராண்ட் ரோடில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்த சாளுங்கே என்ற இளைஞர் புடவை கட்டித் தாராமதியாக நடித்தார். நம் சந்திரமதிதான் அங்கே தாராமதி. படமெடுத்த இடம் தாதர். மாட்டுங்காவிலிருந்து பொடி நடையாகவே போய்விடலாம். தாதர் கிழக்கில் அந்தச் சாலைக்கு இப்போது பால்கே பெயர்தான்.