சுழற்சி சீராக்கிய விலை-வருவாய் விகிதம்

பங்கின் இன்றைய விலையை, பணவீக்கத்துக்கு ஏற்பத் திருத்திய கடந்த 10 ஆண்டுகளின் சராசரி வருவாயால் வகுத்துப் பெறும் மதிப்பீட்டு அளவு. அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் ஷில்லரின் பெயரால் ‘ஷில்லர் விகிதம்’ என்றும் வழங்குகிறது.

ஓராண்டு இலாபம் பொருளாதார ஏற்றத்தில் வீங்கும், மந்தத்தில் சுருங்கும். அதை மட்டும் கொண்டு கணிக்கும் விகிதம் ஏமாற்றக்கூடும். பல ஆண்டுச் சராசரியைப் பயன்படுத்துமாறு பெஞ்சமின் கிரகாமும் டேவிட் டாடும் 1934இல் வெளியான நூலில் பரிந்துரைத்தனர். ஜான் கேம்ப்பெல்லும் ஷில்லரும் 1988இல் இதை ஆய்வுமுறையாக வளர்த்தனர்.

கணக்கிட, ஒவ்வோர் ஆண்டின் பங்கு ஒன்றுக்கான வருவாயும் நுகர்வோர் விலைக் குறியீட்டைக் கொண்டு இன்றைய பண மதிப்புக்கு மாற்றப்படும். அவற்றின் சராசரி 25 ரூபாய், பங்கு விலை 500 ரூபாய் எனில் விகிதம் 20.

அமெரிக்காவின் எஸ் அண்டு பி 500 குறியீட்டுக்கு இது 1999 இறுதியில் 44ஐத் தொட்டது; அடுத்த ஆண்டு சந்தை சரியத் தொடங்கியது. விகிதம் உயர்ந்திருந்தால் அடுத்த பத்தாண்டு ஆதாயம் பொதுவாகக் குறைவாக இருக்கும். ஆனால் குறுகிய காலப் போக்கை இது காட்டாது. கணக்கியல் விதிகள் மாறுவதும் வட்டி விகிதங்களும் ஒப்பீட்டைப் பாதிக்கின்றன. தொழிலையே மாற்றிக்கொண்ட தனி நிறுவனத்துக்கு இது சரிவரப் பொருந்தாது.