கல்வி விளையாட்டு வடிவமைப்புப் போட்டி: மதிப்பீட்டு அளவுகோல்கள்

கற்பித்தலை நோக்கமாகக் கொண்ட பலகை, சீட்டு, கணினி விளையாட்டுகளைப் போட்டிகளில் தரப்படுத்த நடுவர்கள் கைக்கொள்ளும் அளவுகோல்களின் தொகுதி. கற்றல் நோக்கம், ஈடுபாடு, புதுமை, வயதுப் பொருத்தம், விதிகளின் தெளிவு ஆகியவை பொதுவாகக் கணக்கில் கொள்ளப்படும். மதிப்பெண் பங்கீடு போட்டிக்குப் போட்டி மாறுபடும்.

இவற்றுள் முதன்மையானது, பாடம் விளையாட்டின் இயக்கத்துக்குள்ளேயே அமைந்திருக்கிறதா என்பது. ஆய்வாளர் தாமஸ் மலோன் 1981இல் சவால், கற்பனை, அறியும் ஆவல் ஆகிய மூன்றையும் விளையாட்டு தரும் உள்ளார்ந்த ஊக்கத்தின் கூறுகளாக வகுத்தார். ஹாப்குட், ஏன்ஸ்வொர்த் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் ‘ஸோம்பி டிவிஷன்’ என்னும் வகுத்தல் கணக்கு விளையாட்டின் இரு வடிவங்கள் ஒப்பிடப்பட்டன. ஒன்றில் எலும்புக்கூட்டு எதிரிகளின் மார்பிலுள்ள எண்ணை வகுக்கும் ஆயுதத்தால் தாக்கவேண்டும். மற்றதில் கணக்கு, நிலைகளுக்கு இடையே வினாக்களாக மட்டும் வரும். முதல் வடிவத்தில் சிறுவர்கள் கூடுதலாகக் கற்றனர்; விரும்பித் தேர்ந்து ஆடிய நேரமும் ஏறத்தாழ ஏழு மடங்கு. ஆகவே ஓட்டப்பந்தய விளையாட்டில் வினாடி வினாவை ஒட்டவைத்த படைப்பு, எவ்வளவு அழகாக இருப்பினும், இந்த அளவுகோலில் பின்தங்கும். பாடம் இயக்கத்துக்குள் அமைந்திருக்கிறதா என்பதைப் படைப்பின் எழுத்து விளக்கம் காட்டாது. உரிய வயதுச் சிறுவர்களை ஆடவைத்துப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

இத்தகைய போட்டிகளுள் ஒன்றான அமெரிக்காவின் தேசிய ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) வீடியோ கேம் போட்டி 2010இல் தொடங்கியது. இந்தியாவில் 2021ஆம் ஆண்டு டாய்கத்தான் என்னும் பொம்மை, விளையாட்டு வடிவமைப்புப் போட்டி பள்ளி மாணவர், உயர்கல்வி மாணவர், தொழில்முனைவோர் எனத் தனிப் பிரிவுகளாக நடந்தது. வந்து சேர்ந்த 17,000க்கும் மேற்பட்ட யோசனைகளிலிருந்து 1,567 இறுதிச் சுற்றுக்குத் தேர்வாயின.