அசோகரை மீட்டெடுத்த சங்கம்: ஏசியாட்டிக் சொசைட்டி என்ன செய்தது? தமிழ் கல்வெட்டுகளுக்கு என்ன தொடர்பு?

டெல்லியில கிரிக்கெட் மேட்ச் நடக்கும்போது 'பெரோஸ் ஷா கோட்லா' என்ற பெயரைக் கேட்டிருப்பீங்க. அந்த மைதானத்தை ஒட்டியே ஒரு பழைய கோட்டை இருக்கு. அதன் உச்சியில் ஒரு கல் தூண் நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டில் சுல்தான் பெரோஸ் ஷா துக்ளக், இன்றைய ஹரியானாவில் உள்ள தோப்ரா என்ற ஊரிலிருந்து இந்தத் தூணைப் பெயர்த்து, யமுனை ஆற்றில் படகில் ஏற்றிக் கொண்டுவந்தார்.

தூண் முழுக்க எழுத்துகள். என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுக்க சுல்தான் பண்டிதர்களை அழைத்துக் கேட்டார். ஒருவராலும் படிக்க முடியவில்லை.

அடுத்த 480 ஆண்டுகளுக்கும் அதே நிலைதான். அந்த எழுத்தை எழுதச் சொன்ன மன்னர் அசோகர் என்பதும் யாருக்கும் தெரியாது. 1837இல் அந்தப் பூட்டு திறந்தது. திறந்தவர் ஜேம்ஸ் பிரின்செப் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். ஆனால், அவர் கையில் சாவி வந்து சேர ஒரு சங்கம் 50 ஆண்டுகள் வேலை பார்த்தது. அந்தச் சங்கம்தான் கொல்கத்தாவில் இன்றும் இயங்கும் ஏசியாட்டிக் சொசைட்டி.

அது என்ன சங்கம்? என்ன வேலை செய்தது? இதுல தமிழுக்கு என்ன தொடர்பு? விரிவாகப் பார்க்கலாம்.

எப்போது, யார் தொடங்கியது?

1784 ஜனவரி 15. கல்கத்தா உச்ச நீதிமன்றத்தின் ஓர் அறையில் 30 ஐரோப்பியர்கள் கூடினார்கள். கூட்டியவர் அந்த நீதிமன்றத்தின் நீதிபதி வில்லியம் ஜோன்ஸ். ஆசியாவின் வரலாறு, மொழி, கலை, அறிவியல் என எல்லாவற்றையும் ஆராய ஒரு சங்கம் வேண்டும் என்பது அவரது யோசனை. அவரே முதல் தலைவர் ஆனார்.

வந்தவர்கள் யாரும் முழுநேர வரலாற்று ஆய்வாளர்கள் கிடையாது. நீதிபதி, ராணுவ அதிகாரி, மருத்துவர், கிழக்கிந்திய கம்பெனி ஊழியர் என்று ஆளுக்கொரு வேலை. வேலை நேரம் போக மிச்ச நேரத்தில்தான் ஆய்வு.

சங்கத்தின் வேலை என்ன?

சுருக்கமாகச் சொன்னால் நான்கு வேலைகள்.

* கூட்டம்: உறுப்பினர்கள் கூடி, ஒருவர் கட்டுரை வாசிக்க மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள்.
* சேகரிப்பு: ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதி, நாணயம், சிற்பம், கல்வெட்டுப் படி என்று எது கிடைத்தாலும் ஓர் இடத்தில் சேர்ப்பது.
* அச்சு: வாசித்த கட்டுரைகளை இதழாக வெளியிடுவது. 1788இல் முதல் ஆய்வுத் தொகுதி வந்தது. 1832இல் தனி இதழ் தொடங்கியது.
* பாதுகாப்பு: சேர்ந்த பொருட்களை வைக்க 1814இல் ஓர் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. அதுதான் பின்னாளில் கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகமாக வளர்ந்தது.

கேட்கும்போது சாதாரண ஆபீஸ் வேலை மாதிரிதான் இருக்கும். ஆனால், பிராமி எழுத்தைப் படிக்க வைத்ததே இந்தச் சாதாரண வேலைதான்.

பிரின்செப் யார்?

கல்கத்தா நாணயச்சாலையில் தங்கம், வெள்ளியின் தரத்தைச் சோதிக்கும் அதிகாரி. தராசும் அமிலமும் அடுப்பும்தான் அவரது உலகம். நாணயச்சாலைக்கு வந்த பழைய காசுகளில் இருந்த எழுத்துகள் அவரைப் பழைய வரலாற்றின் பக்கம் இழுத்தன. 1832இல் சங்கத்தின் செயலாளர் ஆனார்.

செயலாளர் என்பதால் நாடு முழுவதிலிருந்தும் கடிதங்கள் அவர் மேசைக்கு வந்தன. எங்கேயோ ஒரு தூணைப் பார்த்த ராணுவ அதிகாரி, அதன் எழுத்துகளைப் படி எடுத்து அனுப்புவார். பிரின்செப் அதை அச்சிடுவார். சந்தேகம் இருந்தால், மறுபடியும் சரியாகப் படி எடுத்து அனுப்புங்கள் என்று கேட்பார்.

இப்படித்தான் டெல்லி, அலகாபாத், பீகார் தூண்களின் எழுத்துப் படிகள் ஒரே மேசையில் சேர்ந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஓர் உண்மை பிடிபட்டது: மூன்று தூணிலும் இருப்பது ஒரே வாசகம்! நூற்றுக்கணக்கான மைல் தள்ளி நிற்கும் தூண்களை ஒருவர் நேரில் போய்ப் பார்த்திருந்தால்கூட இது தெரிந்திருக்காது.

எழுத்து எப்படிப் பிடிபட்டது?

1836இல் கிறிஸ்டியன் லாசன் என்ற அறிஞர், அகதொக்ளிஸ் என்ற கிரேக்க மன்னரின் நாணயத்தில் ஒரு பக்கம் கிரேக்கமும் மறுபக்கம் பிராமியும் இருப்பதை வைத்து, அந்தப் பெயரின் எழுத்துகளைப் படித்தார். அது முதல் வெளிச்சம்.

1837இல் சாஞ்சி ஸ்தூபியிலிருந்து சின்னச் சின்னக் கல்வெட்டுகளின் படிகள் பிரின்செப்புக்கு வந்தன. பெரும்பாலானவை ஒரே வரி. அவற்றை அச்சுக்கு அடுக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. கிட்டத்தட்ட எல்லா வரியும் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிந்தன.

வழிபாட்டு இடத்தில், வேலியிலும் தூணிலும், ஆளுக்கொரு வரி எழுதுகிறார்கள் என்றால் அது என்னவாக இருக்கும்? நம்ம ஊர் கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' என்று எழுதியிருப்பதை நினைச்சுப் பாருங்க. அதேதான்! 'இன்னார் கொடுத்த தானம்' என்று பிரின்செப் ஊகித்தார். அப்படியானால் கடைசி இரண்டு எழுத்துகள் 'தானம்'. அதற்கு முன்னால் அடிக்கடி வரும் எழுத்து 'இன்னாருடைய' என்பதைக் குறிக்கும் 'ஸ'.

ஒரு சொல் கிடைத்ததும் மற்ற எழுத்துகள் வரிசையாக விழுந்தன. டெல்லித் தூணும் பேச ஆரம்பித்தது.

முதலில் நடந்த தவறு

தூணில் பேசிய மன்னரின் பெயர் 'தேவானம்பிய பியதசி'. 'தேவர்களுக்குப் பிரியமானவன்' என்பது முதல் பகுதியின் பொருள். யார் இந்த மன்னர்?

பிரின்செப் முதலில் தவறாகவே சொன்னார். இலங்கை வரலாற்றில் தேவானம்பிய தீசன் என்ற மன்னர் உண்டு. அவராகத்தான் இருக்கும் என்று நினைத்தார். அப்போது இலங்கையில் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் டர்னர், பாலி மொழி நூல்களைப் படித்துக்கொண்டிருந்தார். பியதசி என்பது மௌரிய மன்னர் அசோகரின் இன்னொரு பெயர் என்று தீபவம்சம் சொல்வதை அவர் கண்டுபிடித்து எழுதினார். அந்தத் திருத்தமும் அதே இதழில் அச்சானது.

செயலாளரே சொன்னதை, கடல் தாண்டி இருக்கும் ஒருவர் 'தப்பு' என்று ஆதாரத்தோடு சொல்ல முடிந்தது. செயலாளரும் அதை ஏற்றுக்கொண்டார். ஒரு ஆய்வுச் சங்கத்தின் உண்மையான பலம் இதுதான். 1915இல் கர்நாடகாவின் மஸ்கியில் 'அசோகர்' என்ற பெயரே உள்ள கல்வெட்டு கிடைத்தபோது, டர்னர் சொன்னது உறுதியானது.

இந்தியர்கள் எங்கே போனார்கள்?

இது முக்கியமான கேள்வி. இந்தியாவின் வரலாற்றை ஆராயத் தொடங்கிய சங்கத்தில், முதல் 45 ஆண்டுகள் ஓர் இந்தியர்கூட உறுப்பினர் இல்லை. 1829இல்தான் கதவு திறந்தது. ரவீந்திரநாத் தாகூரின் தாத்தா துவாரகநாத் தாகூர், ராம்கமல் சென் உள்ளிட்டோர் அப்போது உறுப்பினர் ஆனார்கள். முதல் இந்தியத் தலைவராக ராஜேந்திரலால் மித்ரா வந்தது 1885இல். அதற்கு நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன.

ஆனால் உறுப்பினர் பட்டியலில் இல்லை என்பதால் இந்தியர்கள் வேலையில் இல்லை என்று அர்த்தமில்லை. சமஸ்கிருதமும் பிராகிருதமும் தெரிந்த பண்டிதர்கள் இல்லாமல் எந்த வாசகத்துக்கும் பொருள் சொல்லியிருக்க முடியாது. பிரின்செப்புக்கு அப்படித் துணை நின்றவர் கமலாகாந்த வித்யாலங்கார். பாடப்புத்தகத்தில் பிரின்செப் பெயர் இருக்கு. இவர் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்போம்?

சரி, தமிழுக்கு என்ன தொடர்பு?

1838இல் குஜராத்தின் கிர்நார் பாறையில் உள்ள அசோகர் கல்வெட்டையும் பிரின்செப் படித்தார். மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்தது பற்றி அதில் அசோகர் சொல்கிறார். எந்தெந்த நாடுகளில்? சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி எனப்பட்ட இலங்கை என்று பட்டியல் போகிறது. சிரியாவை ஆண்ட கிரேக்க மன்னர் அந்தியோகஸ் பெயரும் இருக்கிறது. அதை வைத்து அசோகரின் காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டு என்று உறுதி செய்ய முடிந்தது. அப்படியானால் சோழரும் பாண்டியரும் அப்போதே தனி அரசுகள்!

சோழர், பாண்டியர், சேரர் சரி. யார் அந்த சத்தியபுத்திரர்? இந்தக் கேள்வி பல காலம் ஓடியது. ஆளுக்கொரு ஊரைச் சொன்னார்கள்.

இதற்கிடையில் மதுரையைச் சுற்றியுள்ள குகைகளிலும் பிராமி எழுத்துகள் கிடைத்தன. மாங்குளம் கல்வெட்டை 1882இல் ராபர்ட் சீவெல் பார்த்தார். எழுத்து பிராமிதான், ஆனால் பிராகிருதமாகப் படித்தால் பொருள் வரவில்லை. 1924இல் சென்னையில் நடந்த அகில இந்திய கீழ்த்திசை மாநாட்டில் கே.வி. சுப்பிரமணிய ஐயர், இது தமிழ் என்று விளக்கினார். ழ, ற, ன போன்ற தமிழுக்கே உரிய எழுத்துகள் அடையாளம் காணப்பட்டன. 1960களில் ஐராவதம் மகாதேவன், மாங்குளத்தில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியர் பெயரையும் புகலூரில் சேர மன்னர்களின் பெயர்களையும் படித்துக் காட்டினார்.

1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பை என்ற ஊரில், ஒரு குகையில், ஒற்றை வரிக் கல்வெட்டு கிடைத்தது. குகையில் தங்குமிடம் அமைத்துக் கொடுத்தவர் பெயர் அதில் இருந்தது: 'ஸதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி'.

ஆமாம், ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையில் வரும் அதே அதியமான் மரபு. அசோகர் சொன்ன சத்தியபுத்திரர் தகடூரை ஆண்ட அதியமான்கள்தான்! கிர்நார் பாறையைப் படித்த நாளிலிருந்து ஜம்பை வரை, ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்க 143 ஆண்டுகள் ஆனது. கீழடி பானை ஓட்டில் 'ஆதன்' என்ற பெயரை இன்று நம்மால் படிக்க முடிவதும் இதே சங்கிலியின் தொடர்ச்சிதான்.

பிரின்செப் என்ன ஆனார்?

ஓய்வில்லாத உழைப்பு அவர் உடலை உருக்குலைத்தது. 1838இல் நோயோடு இங்கிலாந்து திரும்பினார். 1840 ஏப்ரலில் இறந்தபோது வயது 40. கொல்கத்தாவில் ஹூக்ளி நதிக்கரையில் உள்ள 'பிரின்செப் காட்' அவர் நினைவாகக் கட்டப்பட்டது. அவரோடு வேலை செய்த அலெக்சாண்டர் கன்னிங்ஹாம்தான் 1861இல் இந்தியத் தொல்லியல் துறையின் முதல் பொறுப்பாளர் ஆனார்.

இப்போது சங்கம் எப்படி இருக்கிறது?

பார்க் தெருவில் 1808 முதல் அதே இடத்தில் இயங்குகிறது. ராஜஸ்தானின் பைராட்டில் கிடைத்த அசோகர் கல்வெட்டுப் பாறையும், பல்லாயிரம் கையெழுத்துப் பிரதிகளும் அங்கே உள்ளன. 1984இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது.

இன்று நமக்கு ஏன் இது முக்கியம்?

ஜம்பை கல்வெட்டு ஒற்றை வரி. அந்தப் பாறையை யாராவது ஜல்லிக்காக உடைத்திருந்தால் சத்தியபுத்திரர் யார் என்பது இன்னும் விடுகதையாகவே இருந்திருக்கும்.

இது வெறும் கற்பனை இல்லை. தமிழ்-பிராமி கல்வெட்டும் சமணப் படுக்கைகளும் உள்ள மதுரை அரிட்டாபட்டி, 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதன்பிறகும் அந்தப் பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலப் பட்டியலில் வந்தது. மக்கள் போராடினார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

உங்க ஊரில் கல்வெட்டைப் பார்த்தால் என்ன செய்யலாம்?

* எழுத்து தெளிவாகத் தெரியணும்னு சுண்ணாம்பு, சாக்பீஸ், பெயின்ட் எதையும் பூச வேண்டாம். சுரண்டவும் வேண்டாம்.
* காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது போட்டோ எடுங்க. எழுத்து நன்றாகத் தெரியும்.
* இடத்தைக் குறித்துக்கொண்டு, மாநிலத் தொல்லியல் துறைக்கோ அருகில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கோ தகவல் கொடுங்க.
* படித்துப் பொருள் சொல்லும் வேலையைக் கல்வெட்டு ஆய்வாளர்களிடம் விடுங்க.

பிரின்செப்புக்குப் படி எடுத்து அனுப்பியவர்களில் பலருக்கும் அந்த எழுத்தில் ஒன்றுகூடப் படிக்கத் தெரியாது. பார்த்ததை அப்படியே எழுதி அனுப்பினார்கள், அவ்வளவுதான். அசோகர் கிடைத்தார்.